கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

வலிப்புக்கும் மனநலக் கோளாறுக்கும் மாத்திரை சாப்பிடுவோரை, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வரும்படி மருத்துவர்கள் அனுப்புகிறார்கள். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து மதுரையில் எங்கள் ஆய்வகத்துக்கு வருவோர் பலரும் கேட்பது, "வெறும் வயிற்றோடு வரணுமா?" சர்க்கரைப் பரிசோதனை பழக்கிவிட்ட கேள்வி அது. இங்கே சாப்பாட்டைவிட மாத்திரை போட்ட நேரம்தான் முக்கியம்.

மனநல மருந்தான லித்தியத்துக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டிருந்தால் காலை 9 மணிக்கு. காலை மாத்திரையைக் கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். பஸ் ஏறும் முன்பே விழுங்கிவிட்டால், லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்று வர வேண்டியது எகிறிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பும். பச்சை மூடி டியூபும் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க அதில் பெரும்பாலும் பூசியிருப்பதே லித்தியம் ஹெப்பரின்தான்.

வலிப்பு மருந்தான ஃபெனிட்டோயினில் சிக்கல் நேர்மாறு. மஞ்சள் மூடி ஜெல் டியூபிலேயே மணிக்கணக்கில் விட்டால் ஜெல் மருந்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்க வேண்டியது குறைந்து தெரியும். குறைவு என்று மாத்திரையைக் கூட்டினால் ஆபத்து: இந்த மருந்தைக் கல்லீரல் ஓர் அளவுக்கு மேல் வேகமாகக் கழிக்காது. 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் ரத்த அளவு இரட்டிப்பாகவும் கூடும். நடை தள்ளாடும், கருவிழி நிற்காமல் ஆடும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களுக்கு மொத்த அளவு குறைவாக வந்தாலும், அந்தப் புரதத்தோடு ஒட்டாமல் வேலை செய்யும் பகுதி போதுமானதாக இருக்கலாம். அல்புமினையும் சேர்த்துப் பார்க்காமல் மாத்திரையைக் கூட்டக் கூடாது.

வெளியூர் மையங்கள் ரத்தத்தை அப்படியே ஐஸ் மேல் வைத்து அனுப்ப வேண்டாம். சிவப்பணு உடைந்துவிடும். அங்கேயே சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவைத் தனி டியூபுக்கு மாற்றிய பிறகே ஐஸ் பெட்டி. சித்திரை வெயிலில் இது இன்னும் அவசியம்.

ஆய்வகத்திலும் தவறு நேரும். மருந்தைத் தனியே பிரித்து அளக்கும் எச்பிஎல்சி முறையில் 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு 600 மைக்ரோலிட்டர் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை விட்டுக் குலுக்கி, புரதத்தைத் திரளவைத்துச் சுழற்றி, மேலே தெளிந்ததைத்தான் கருவிக்குள் செலுத்துகிறோம். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே அளவாகக் கலக்கும் உள் ஒப்பீட்டுப் பொருளை அதற்கு முன்பே சேர்த்திருக்க வேண்டும். பிறகு சேர்த்தால், நடுவில் இழந்த மருந்துக்கு ஈடு காட்டாது. மருந்தின் அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களைத் தண்ணீரில் தயாரிப்பதும் தவறு. மருந்து கலவாத பிளாஸ்மாவில் தயாரித்தால்தான் நோயாளியின் மாதிரி போலவே நடந்துகொள்ளும். கருவியைச் சோதிக்க வைக்கும், அளவு தெரிந்த தரக் கட்டுப்பாட்டு மாதிரிகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உண்மை அளவுக்கு 15 சதவீதத்துக்குள் வராவிட்டால், அன்றைய ரிப்போர்ட் எதையும் வெளியே விடக் கூடாது.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பரிசோதனைச் சீட்டில் கடைசி மாத்திரை போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், இதே அளவு எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்ற மூன்றையும் எழுதுங்கள். அளவை மாற்றினால் லித்தியம் நிலைபெற 5 முதல் 7 நாள் ஆகும், ஃபெனிட்டோயினுக்கு வாரக்கணக்கு. ஆனால் தள்ளாட்டம், வாந்தி, குழறல் என்று மருந்து மிகுந்த அறிகுறி தெரிந்தால் நேரமும் நாளும் பார்க்காமல் உடனே ரத்தம் எடுங்கள்.

இப்படிக்கு,
மருந்து அளவுப் பரிசோதனை நுட்பநர்கள்,
மதுரை