"சந்தேகத்துக்கே இடமில்லை" என்றீர்களே!

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

போன மாத இதழின் கேள்வி-பதில் பக்கத்தில், பெண்கள் பிரசங்கம் செய்யலாமா என்று கேட்ட சகோதரிக்கு பவுலின் 1 தீமோத்தேயு 2:12-ஐ ("உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை; அவள் அமைதலாயிருக்கவேண்டும்") எடுத்துப் போட்டுவிட்டு, "கிரேக்க மூலத்திலும் இதே அர்த்தம்தான், சந்தேகத்துக்கே இடமில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். வசனத்தைப் போட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசி இரண்டு வார்த்தைகள்தான் தொண்டையில் முள்ளாக நிற்கின்றன.

நம் வேதாகமத்தில் "அதிகாரஞ்செலுத்தவும்" என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது ஔதெந்தேயின் என்ற வினைச்சொல். தபால் வழியில் இறையியல் படித்தபோது கிரேக்கம் எழுதித் தேறியவள் நான், உங்களுக்கும் இது தெரியாததல்ல. புதிய ஏற்பாடு முழுக்க இந்தச் சொல் வருவது இந்த ஒரே இடத்தில்தான். சாதாரணமாக அதிகாரத்தைப் பற்றிப் பேச பவுலுக்கு வேறு சொல் இருக்கிறது. 1 கொரிந்தியர் 7:4-ல் புருஷனுடைய சரீரத்துக்கு மனைவியே அதிகாரி என்று சொல்லும்போது அதைத்தான் போடுகிறார். (அந்த வசனத்துக்கு உங்கள் பக்கத்தில் விளக்கம் வந்து நான் பார்த்ததில்லை, சரி, அது கிடக்கட்டும்.)

இதோடு உறவுள்ள ஔதெந்தேஸ் என்ற பெயர்ச்சொல்லுக்கு, பழைய கிரேக்க நாடகக் கவிஞர் யூரிபிடீஸின் ஆந்த்ரோமக்கே நாடகத்தில் கொலைகாரன் என்று அர்த்தம். சாலமோனின் ஞானம் என்ற பழைய யூத நூலின் 12:6-ல் பெற்ற பிள்ளையைக் கொல்கிற பெற்றோரைச் சொல்ல அதே சொல் வருகிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) கடிதம் ஒன்றில், கி.மு. 27 வாக்கில், ஒருவர் படகுக்காரருக்குக் கொடுக்கவேண்டிய கூலி விஷயத்தில் இன்னொருவரிடம் இந்த வினைச்சொல்லின்படி நடந்து காரியத்தைச் சாதிக்கிறார், அவர் அதிகாரம் செலுத்தினாரா, மிரட்டிக் கட்டாயப்படுத்தினாரா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வுல்காத்தா என்ற பழைய லத்தீன் வேதாகமம் "ஆளுதல்" என்கிறது, 1611-ல் வந்த ஆங்கில வேதாகமமோ "அதிகாரத்தைப் பறித்துக்கொள்ளுதல்" என்கிறது. நாலாம் நூற்றாண்டில் பிறந்த திருச்சபைப் பிதா கிறிசொஸ்தொம் கிரேக்கத்திலேயே பேசி வளர்ந்தவர், மனைவி கீழ்ப்படியவேண்டும் என்பதில் உங்களைவிடக் கறாரானவர். அவர் கொலோசெயர் நிருபத்தின் பிரசங்கத்தில் புருஷர்களைப் பார்த்து, மனைவி கீழ்ப்பட்டிருக்கிறாள் என்பதற்காக அவளிடம் இதைச் செய்யாதே என்று இதே வினைச்சொல்லால் கண்டிக்கிறார். வெறும் அதிகாரம் என்றால் அதை ஏன் கண்டிக்கவேண்டும்? அடக்கி ஆளுகிற ஏதோ ஒரு வாடை அவர் காதுக்குப் பட்டிருக்கிறது. உங்கள் அர்த்தம் தப்பு என்று நான் சொல்லவில்லை, அப்படி வாதிடும் பெரிய அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லையாம்!

இதை நான் கேட்பது முதல் தடவையும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பிரிஸ்கில்லாள் என்ற பெண் அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குப் போதித்ததைப் பற்றி முன்பு எழுதினேன், பாதியை வெட்டிவிட்டு "வாசகி பாராட்டு" என்று தலைப்புப் போட்டீர்கள். பாராட்டவே இல்லையே நான்! ரோமர் நிருபத்தில் வரும் சபை ஊழியக்காரி பெபேயாளைப் பற்றி எழுதியதற்குப் பதிலே கிடையாது. எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) பெண்கள் ஐக்கியம் ஒரு வருஷம் முழுக்க மாலை வகுப்பு நடத்தியது, இதழில் வந்ததோ அசன விருந்துக்குச் சகோதரிகள் காய்கறி நறுக்கிய படம். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, 2013-ல் நந்தியாலில் ஒரு அம்மா பேராயராகவே ஆனார்கள். எங்கள் சேகரக் கமிட்டியில் நான் வாயைத் திறந்தால் மட்டும் பக்கத்தில் இருக்கும் ஐயா உடனே "அமைதலாயிரு" என்ற வசனத்தை நினைவுபடுத்துவார், சிரித்துக்கொண்டேதான். ஓய்வுநாள் பள்ளியில் அவர் பிள்ளைகளுக்கு அந்த வசனத்தை மனப்பாடம் செய்ய வைத்ததே நான்தான்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், "இந்தச் சொல்லின் அர்த்தம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு" என்று ஒரு வரி போடுங்கள், பின்னட்டையில் மூலையிலாவது. அப்புறம், சந்தா என் பென்ஷனிலிருந்து நான் கட்டுவது. ரேப்பரில் என் வீட்டுக்காரர் பெயர் போட்டு வருகிறது, அவர் இதழைப் பிரிப்பதுகூட இல்லை. அதையும் மாற்றிவிட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.