2024–25 ஆண்டறிக்கை: வடிகாலும் நம் வீட்டுத் தரையும்

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, பொங்கல் விழா, பூங்கா பராமரிப்பு எல்லாம் மாதக் கூட்டக் குறிப்பிலேயே இருக்கிறது, திரும்பச் சொல்லவில்லை. இந்த வருடம் நம் உழைப்பில் பெரும்பகுதி மழைநீருக்குத்தான் போனது. சுற்றுச்சூழல் குழுவில் இருக்கிற ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை என்று கூடப் பார்க்காமல் அலைந்தார்கள். அதனால் அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

புதிதாகக் குடி வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், எனவே நாம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர், இன்று மிஞ்சியிருப்பது 55 ஏக்கர் சொச்சம். ஏரி நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். ஆதம்பாக்கம் பக்கத்திலிருந்து வரும் வீராங்கால் ஓடையும் அங்கேதான் போகிறது. சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு, அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு வழியாகக் கடல். நம் தெருவில் விழுகிற ஒரு துளி கடலைப் பார்க்க இவ்வளவு தூரம் போயாக வேண்டும், வழியில் ஓர் இடத்தில் அடைத்தாலும் அது நம் வாசலில்தான் நிற்கும். அந்தச் சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் சந்தோஷமான செய்தி இல்லை அது. நமக்கு அது வடிகாலின் கடைசித் தொட்டி. அது சுருங்கினால் நம் வீட்டில் தண்ணீர் ஏறும் என்பதை 2015 டிசம்பரில் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரம் இல்லாமல் நாள்கணக்கில் மாடியில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தோம்.

அதனால்தான் 2024 மே மாதமே, வெயில் கொளுத்துகிற நேரத்தில், வடிகால் வேலையைத் தொடங்கினோம். குழுவினர் கடப்பாரையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாக நடந்து, சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்குகிற வாய்களை எல்லாம் பார்த்து வரைபடத்தில் குறித்தார்கள். பார்த்ததில் மனசு கஷ்டப்பட்டது என்றே சொல்ல வேண்டும். பல வாய்களைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தோம். ஆமாம், நாம்தான். கரப்பான் வருகிறது, நாற்றம் வருகிறது என்று அந்தந்த வீட்டுக்காரர்களே பூசியது. அடைக்காத வாய்க்குள் எம் சாண்ட். வீடு கட்டுகிறவர்கள் மணலையும் ஜல்லியையும் தெருவில் கொட்டி வைக்கிறார்கள், ஒரு கோடை மழை போதும், மணல் நேராக வடிகாலுக்குள் போய்ப் படிந்துவிடும். ஜூன் முடிவதற்குள் பூசியிருந்த வாய்களைத் திறந்தோம், தூர் வாருவதற்கு மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணில் பதிவு செய்தோம். மணல் கொட்டுகிறவர்கள் மூட்டையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் போட வேண்டும் என்று செயற்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். மூன்று வீட்டுக்காரர்கள் இதைச் செய்தார்கள், அவர்களுக்கு நன்றி.

நான்காவது குறுக்குத் தெரு முனையில் மட்டும் எவ்வளவு தூர் வாரியும் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தது. புது வடிகால், அகலமானது, உள்ளே குப்பையும் இல்லை, ஆனாலும் நிற்கிறது. நம் உறுப்பினர் ஒருவர் முப்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், அவர் சொன்னார், ‘ஐயா, டியூப் லெவல் பிடிச்சுப் பார்ப்போம்’ என்று. மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், இரண்டு பேர், ஒரு சாக்பீஸ், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது: புது வடிகாலின் அடித்தளம், அது போய்ச் சேர வேண்டிய பழைய வடிகாலின் அடித்தளத்தைவிட ஒரு சாண் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் மேடேறிப் போகுமா? அளவுகளைத் தாளில் எழுதி, புகைப்படத்தோடு மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்தோம். பொறியாளர் நேரில் வந்து, அதே டியூப் லெவலை மறுபடி பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். செப்டம்பர் கடைசியில் பழைய வடிகாலின் அந்தத் துண்டை இடித்துத் தாழ்த்திக் கட்டினார்கள். கூட்டத்தில் ‘தண்ணீர் நிற்கிறது’ என்று பல வருடம் கத்தியிருக்கிறோம். இந்த முறை எங்கே, எவ்வளவு, ஏன் என்று கையில் வைத்துக்கொண்டு பேசினோம், வேலை நடந்தது. இனி எந்தப் புகாரையும் அளந்து பார்க்காமல் எடுத்துப் போவதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது.

இதே வடிகால் வேலையில் தோண்டிய ஒரு பள்ளம் தடுப்பு இல்லாமல் பல நாள் திறந்து கிடந்ததையும், இரவில் ஓர் உறுப்பினரின் மகன் சைக்கிளோடு விழுந்து கை முறிந்ததையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வேலை எடுத்தவரிடம் பேசித் தகரத் தடுப்பும் சிவப்பு விளக்கும் வைக்கச் செய்தோம், ஆனால் அந்தப் பையன் விழுந்த பிறகுதான் செய்தோம். முன்பே நாம் ஒரு கயிறாவது கட்டியிருக்க வேண்டும்.

சாலை விஷயம். சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், நம் பழைய வீடுகளில் மூன்று படி ஏறிப் போன வாசலுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். புதுச் சாலை போடும் முன் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதத்திலேயே அறிவுறுத்தினார். பிப்ரவரியில் இரண்டாவது தெருவுக்கு இரவு 11 மணிக்கு தார் லாரி வந்தபோது, பழைய தாரைச் சுரண்டவில்லை என்று பார்த்துவிட்டு நம் மகளிர் குழுவினர் பத்துப் பன்னிரண்டு பேர் சாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, அந்த அறிவுறுத்தலின் நகலைக் காட்டினார்கள். லாரி திரும்பிப் போனது, நான்கு நாள் கழித்துச் சுரண்டும் இயந்திரத்தோடு வந்தது. அன்று உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

சரி, இப்போது வீட்டுக்குள் வருகிறேன். தண்ணீரைக் கொண்டு போவதுதான் வடிகால் வேலை, ஆனால் கொண்டு போகிற வழியே நிரம்பி நிற்கும்போது அதில் இன்னும் தள்ளுவதில் அர்த்தம் இல்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர், அதாவது ஒரு 9,000 லிட்டர் லாரி நிறைய. சென்னையின் சராசரி மழை வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் என்று வைத்தால் அதே மாடியில் 1,30,000 லிட்டர். ஐப்பசியில் இதைத் தெருவில் தள்ளிவிட்டு, சித்திரையில் லாரிக்கு போன் போடுகிறோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று 2003-லேயே சட்டம் வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே சேகர் ராகவன் ரெயின் சென்டர் தொடங்கி, வீடு வீடாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டம் வந்த வேகத்தில் நம் பகுதியிலும் எல்லோரும் குழி போட்டோம். குழு இந்த வருடம் சம்மதித்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தது. நிறைய வீடுகளில் குழி இருக்கிறது, குழாய் அதற்குப் போகவில்லை. சில இடங்களில் மாடிக் குழாய் நேராகக் காம்பவுண்டு சுவரைத் துளைத்துத் தெருவில் கொட்டுகிறது. சில இடங்களில் குழிக்குள் கூழாங்கல்லும் செங்கல் ஜல்லியும் இருபது வருடச் சேற்றில் இறுகிப் பாறை மாதிரி ஆகிவிட்டது. நம் பக்கம் மேல்மண் களி, இரண்டு மூன்றடிக் குழி தண்ணீர் குடிக்காது. களியைத் தாண்டி மணல் தட்டும்வரை போக வேண்டும். உறைக்கிணறு என்றால் மூன்றடி விட்டக் கான்கிரீட் உறை, பதினைந்து அடி ஆழம், உள்ளே எதையும் நிரப்பாமல் மேலே கனமான மூடி, அது போதும், ஒரு தடவை நிரம்பினால் 3,000 லிட்டர் நிற்கும். பழைய கிணறு வைத்திருக்கிறவர்கள் இன்னும் பாக்கியசாலிகள், வடிகட்டித் தொட்டி ஒன்றைக் கட்டி மாடித் தண்ணீரை அதில் விட்டாலே போதும். இந்த வருடம் இரண்டு வீடுகளில் தூர்ந்து போன கிணற்றை மீட்டிருக்கிறோம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கார்த்திகை பிறக்கும்போது நம் பகுதியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், அப்போது உறைக்கிணறும் குடிக்காது. அக்டோபர் 15-ஆம் தேதி மழைக்கு, வேளச்சேரியில் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திய அன்று, நம் உறைக்கிணறுகள் நன்றாக வாங்கின. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழைக்கு அவை நிரம்பித் ததும்பின, நான்காவது குறுக்குத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று மறுநாள் வடிந்தது. முன்பு அந்த முனையில் முழங்காலுக்கு மேல் நிற்கும். குழியால் மட்டும் வெள்ளம் நிற்காது. ஆனால் பருவத்தின் முதல் மழைகளை மண்ணுக்குள் அனுப்பிவிட்டால் வடிகாலும் ஓடையும் மூச்சு விட்டுக்கொள்ளும், கோடைக்கும் தண்ணீர் இருக்கும்.

அடுத்து, பேசத் தயக்கமாக இருக்கிற விஷயம். சில வீடுகளின் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விடப்படுகிறது. வேறு சில வீடுகளின் மாடி மழைநீர் கழிவுநீர்த் தொட்டியில் விடப்படுகிறது. இரண்டும் தவறு, இரண்டாவதன் கெடுதி பலருக்குத் தெரிவதில்லை. கழிவுநீர்க் குழாய் வீட்டுச் சமையலறை, குளியலறை அளவுக்குப் போட்டது, அதில் மழை முழுவதையும் இறக்கினால் தாழ்வான வீட்டின் கழிப்பறை வழியாக அது மேலே வருகிறது. ஃபெஞ்சல் அன்று தரைத்தளத்தில் தனியாக இருக்கும் வயதான அம்மா ஒருவர் வீட்டில் இதுதான் நடந்தது. அவர் கட்டிலின் மேல் கால் தூக்கி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். எந்தெந்த வீட்டு இணைப்பு என்று குழுவுக்குத் தெரியும், இந்த அறிக்கையில் சொல்லப் போவதில்லை. ஒவ்வொருவரையும் நானும் தலைவரும் நேரில் பார்த்துப் பேசியிருக்கிறோம், பாதிப் பேர் மாற்றிவிட்டார்கள். மாற்றச் செலவு செய்ய முடியாதவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து கடன் தரலாம் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது, அதை நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

பசுமைக் கட்டடம் பற்றி. நம் பகுதியில் பழைய தனி வீடுகள் இடிபட்டு அடுக்குமாடி ஆகிக்கொண்டிருக்கின்றன. ஐஜிபிசி, கிருஹா என்று தரச் சான்றிதழ்கள் இருக்கின்றன, பெரிய திட்டங்களுக்கு அவை நல்லது. ஆனால் ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கட்டுகிறவர்களுக்குச் சில சின்ன விஷயங்களே பெரிய வித்தியாசம் தரும், அதைத்தான் குழு ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுக் கொடுக்கிறது. முதலாவது, சுற்றிலும் விடுகிற இடத்தைக் காம்பவுண்டுவரை கான்கிரீட் போட்டு மூடாதீர்கள். பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்று நினைக்கிறோம், அடியில் கான்கிரீட் போட்டு அதன் மேல் பதித்தால் ஒரு சொட்டும் இறங்காது. ஜல்லி, மணல் மேல் பதிக்க வேண்டும். இரண்டாவது, மாடி. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அடித்த பழைய மெட்ராஸ் தளம் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது தாத்தா பாட்டி வீட்டில் படுத்தவர்களுக்குத் தெரியும். இன்று அதை எல்லோராலும் செய்ய முடியாது, வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போடலாம். நான் என் வீட்டு மாடியில் மார்ச்சில் சுண்ணாம்பு அடித்தேன், மேல் அறையில் மதியம் படுக்க முடிகிறது. மூன்றாவது, மரம். கட்டுமானத்துக்காக வேரோடு எடுக்கும் முன் குழுவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வரைபடத்தை நாலடி தள்ளிப் போட்டு ஒரு வேப்பமரத்தைக் காப்பாற்றிய உறுப்பினர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்.

சின்ன வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் மழைநீர்க் குழி சரியாக இருக்கிறதா என்று யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஆகவே நமக்கு நாமே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். ஆகஸ்டு முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குழு எல்லா வீடுகளுக்கும் வரும், கூட ஒரு பிளம்பரும் வருவார். உங்கள் மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று அவர்களுக்குக் காட்டுங்கள். வெளியூரில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்கள் வாடகைதாரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குழுவுக்கு இன்னும் நாலு பேர் தேவை, முக்கியமாக ஐந்தாவது தெருவிலிருந்து யாரும் இல்லை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், டியூப் லெவல் என் வீட்டில்தான் இருக்கிறது.

செயலாளர்