ஆர்வமில்லாதவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் செயற்கைக்கோள் ஒளிபரப்பு உரிமங்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை முழுவதும் படித்தேன். எல்லாம் சரி. ஆனால் நடுவில், மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷன் டிஷ் சேவை பற்றி ஒரு வரி: "டிடி ஃப்ரீ டிஷ் தமிழகத்தில் வேரூன்றாததற்கு மக்களின் ஆர்வமின்மையே காரணம்." கட்டுரையாளர் அந்தத் தீர்ப்பை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். நானோ சாத்தூர் வட்டாரத்தில் கூரை கூரையாக ஏறி இறங்கியே தலை நரைத்த டிஷ் மெக்கானிக். எந்தக் கூரைமேல் ஏறி இந்த ஆர்வத்தை அளந்தார் என்று அவரிடம் கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் இந்தச் சேவை வந்தபோது எங்கள் பக்கம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. கொடைக்கானல் கோபுரத்தை நம்பி மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டிய தலைமுறை அது. மாதக் கட்டணம் கிடையாது என்றதும் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண்கள் சீட்டுப் பணத்தில் டிஷ் வாங்கினார்கள். நான் மேலே தென்கிழக்காகக் கிண்ணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவேன். வீட்டுப் பையன் வாசலில் நின்று திரையில் ஏறும் சிக்னலை "நாற்பது, ஐம்பத்தைந்து, ஐயோ போய்விட்டது" என்று கத்துவான். படம் வந்ததும் தெருவே உள்ளே வந்துவிடும். சேனல்களை ஒவ்வொன்றாக மாற்றுவேன். இந்திப் படம், இந்தித் தொடர், இந்திச் செய்தி, போஜ்புரிப் பாட்டு. கடைசியில் அந்த வீட்டுப் பாட்டி கேட்பார், "தம்பி, நம்முடையது எந்த எண்ணில் வரும்?" பொதிகையைக் காட்டுவேன். "அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் தில்லியில் இருந்தார்கள். ஏச்சு வாங்கியது நான்.

தமிழ்ச் சேனல்கள் ஏன் வரவில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனலுக்கு இடம் வேண்டுமென்றால் தூர்தர்ஷனின் தலைமை அமைப்பான பிரசார் பாரதி நடத்தும் மின் ஏலத்தில் எடுக்கவேண்டும். 2019 விதிகளின்படி இந்திப் பொழுதுபோக்குச் சேனல்களின் பிரிவில் ஆண்டுக்கு அடிப்படை விலையே 15 கோடி ரூபாய். மற்ற மொழிகளுக்கு அதைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏலத்தில் கொட்டிய பணத்தை விளம்பரத்தில் எடுக்கவேண்டுமே. வடக்கே கோடிக்கணக்கான வீடுகளில் அந்தக் கிண்ணம் இருக்கிறது, இந்திக்காரருக்குக் கட்டுபடியாகும். தமிழ்ச் சேனல் முதலாளி கணக்குப் போட்டால், இங்கே கேபிளில் மாதாமாதம் காசு வரும்போது அதே சேனலை இலவசமாகக் கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து? சேனல் இல்லாததால் வீடுகள் சேரவில்லை. வீடுகள் சேராததால் சேனல் வரவில்லை. இருக்கன்குடித் திருவிழாவில் நகைக்கடைக்காரரையும் பொரிகடலைக்காரரையும் ஒரே ஏலத்தில் நிறுத்திவிட்டு, "பொரி தின்ன ஊரில் ஆளில்லை" என்று சொல்வதுபோல் இருக்கிறது தங்கள் கட்டுரையாளர் சொல்வது.

சரி, அலைவரிசை என்றால் ஏலம்தான் நேர்மை என்கிறீர்களா? 2012 பிப்ரவரியில் 2ஜி வழக்கில் 122 தொலைபேசி உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததிலிருந்து எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அதே நீதிமன்றம், எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம் ஒன்றே வழியல்ல என்று குடியரசுத் தலைவருக்குக் கருத்துச் சொன்னதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு டிஷ்ஷுக்கு நேரடியாக ஒளிபரப்பும் டிடிஎச், சேனல்களைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றி அனுப்பும் டெலிபோர்ட் போன்ற செயற்கைக்கோள் சேவைகளுக்கு அலைவரிசை ஏலமின்றி நிர்வாக முறையில் ஒதுக்கப்படும் என்கிறது. ஆக, மாதச் சந்தா வசூலிக்கும் தனியார் டிடிஎச் நிறுவனத்துக்கு அலைவரிசையில் ஏலம் இல்லை. காசில்லாதவன் பார்க்கும் அரசு டிஷ்ஷில் இடம் பிடிக்க மட்டும் ஏலம். இந்த விசித்திரத்துக்குத் தங்கள் கட்டுரையில் அரை வரிகூட இல்லை.

அந்த நிறுவனங்களுக்கும் சுமை உண்டு என்பீர்கள். உண்டுதான். 2020 டிசம்பரில் உரிமக் காலத்தை 20 ஆண்டுகளாக்கி, வருவாயில் 10 சதவீதமாக இருந்த உரிமக் கட்டணத்தை 8 ஆக்கினார்கள். 2023இல் அதை 3 சதவீதமாக்கி, பிறகு அடியோடு நீக்கிவிடலாம் என்றது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். அவர்கள் அழுதால் பரிந்துரை வருகிறது. பாட்டி கேட்டால் 'ஆர்வமின்மை' என்ற பட்டம் வருகிறது.

மாநில அரசு மட்டும் என்ன வாழ்ந்தது? 2006 தேர்தலில் வாக்குறுதி தந்தபடி வண்ணத் தொலைக்காட்சி வீட்டுக்கு வந்தது. பெட்டி இலவசம், படம் காசுக்கு. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததும் மக்கள் மூச்சு விட்டார்கள். அதற்கும் டிஜிட்டல் உரிமம் கேட்டு 2012இல் விண்ணப்பித்தால், மத்திய அரசு கொடுத்தது 2017இல். ஐந்து ஆண்டு! இதற்கு நடுவில் என் தெருவில் கேபிள் நடத்திய ஒருவர், கட்டண பாக்கி என்று சொல்லி நான் பொருத்திய டிஷ் ஒயரையும் சேர்த்து அறுத்துவிட்டுப் போனார். புகார் கொடுக்கப் போன அலுவலகத்தில், ஃப்ரீ டிஷ் என்றால் என்ன என்று என்னிடமே கேட்டார்கள்.

ஆர்வத்துக்கு வருகிறேன். 2017 ஆகஸ்டில், விளையாட்டு ஒளிபரப்புச் சட்டப்படி தூர்தர்ஷனுடன் பகிரும் கிரிக்கெட்டைத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம், தனியார் கேபிளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் முன்னால் என் கைப்பேசி ஓயவில்லை. பரணில் தூங்கிய கிண்ணங்களை இறக்கினார்கள். கிண்ணத்தின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியின் மூடிக்குள் குளவி கட்டிய மண்கூட்டைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுத் திருகு போட்டுக் கொடுத்தேன். பார்க்க ஒன்று இருந்தது, மக்கள் வந்தார்கள். போட்டி முடிந்ததும் கிண்ணத்தில் மறுபடி மழைத்தண்ணீர்தான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல், அதுவும் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில்தான், உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பொதுவில் தீப்பெட்டி ஒட்டும் பெண்களும் அடக்கம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தாங்கள் வேறு மாதிரி நினைத்தால் அதையும் வெளிப்படையாகவே எழுதிவிடலாம்.

தங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. விதியை மாற்றுவது தங்கள் கையில் இல்லை என்பது தெரியும். தங்கள் நாளிதழின் தொலைக்காட்சிப் பகுதியில் முன்பெல்லாம் பொதிகையின் அன்றாட நிகழ்ச்சி நேரங்கள் வரும். பிறகு அந்த இடத்தைத் தனியார் தொடர்களின் படங்கள் பிடித்துக்கொண்டன. பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது. பெயர் மாறிய பிறகாவது அதன் நேரங்களை நான்கு வரியில், என் கண்ணாடிக்கு எட்டும் எழுத்தில், தினமும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு டிஷ் மெக்கானிக்,
சாத்தூர்.