தங்கச்சிக்கு ரெய்க்கி செய்யலாமா?

ஹட்டன்

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் காது நரம்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி இல்லை என்று வாசித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே ஒரே மழை, பனியும் விடவில்லை.

உடம்பில் கை வைத்துச் சக்தி செலுத்துவதாகச் சொல்லும் ரெய்க்கியை அவளுக்குச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்யட்டும், தடையில்லை. ஆனால் அது கட்டியைக் கரைக்காது. நரம்பின் உறையிலிருந்து மெல்ல வளரும் கட்டி இது. சிறிதாக இருந்தால் அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவளுக்கோ மூளைத்தண்டை நெருக்குகிறது என்கிறாய். "முதலில் கை வைத்துப் பார்ப்போம், பிறகு ஒப்பரேஷனுக்குத் தேதி எடுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. கட்டி பெரிதாகப் பெரிதாக, ஒட்டியே ஓடும் முகநரம்பைக் காப்பாற்றுவது கஷ்டம்.

ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922இல் தொடங்கிய முறைதான் ரெய்க்கி. சக்தி பாய்கிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. ஆனாலும் அமைதியாகப் படுத்திருக்கையில் அன்பான கை ஒன்று பட்டால் பயம் தணியும், தூக்கம் வரும். ஒப்பரேஷனுக்குக் காத்திருப்பவளுக்கு அது பெரிய உதவி.

அதோடு சேர்த்துப் பூண்டு, இஞ்சி, மஞ்சள் வில்லைகள் கொடுத்தால் வாங்காதே. இரத்தம் உறைவதை அவை தடுக்கக்கூடும். இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். கறியில் போடுவது பரவாயில்லை. மயக்க மருந்து டொக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

ஒப்பரேஷன் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரி வாட்டில் கேட்டுவிட்டே ரெய்க்கி செய்யட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தோளிலும் பாதத்திலும் வைத்தால் போதும். காதுக்குப் பின்னால் தையல் பக்கம் கையோ எண்ணெயோ திருநீறோ போகக்கூடாது. சாம்பிராணியும் வேண்டாம், இருமினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். மூக்கால் தண்ணீர் மாதிரி சொட்டி, குனியும்போது கூடினால், தொண்டையில் உப்புக் கரித்தால், சளி, தடிமன் என்று இருந்துவிடாதே. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியலாம். காய்ச்சலோடு கழுத்தும் விறைத்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

எனக்கு அதிகம் கவலை அவள் கண்தான். முகநரம்பு சோர்ந்தால் இமை மூடாது. உணர்ச்சியும் குறைந்திருந்தால் கண் காய்வதே தெரியாது. டொக்டர் சொன்னபடி பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு, இமையை மூடி டேப் ஒட்ட வேண்டும். இமை முழுக்க மூடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார். அரைகுறையாக ஒட்டினால் டேப்பே கருவிழியில் உரசிப் புண்ணாக்கிவிடும்.

தலை சுற்றுகிறது என்று படுக்கையிலேயே கிடக்க விடாதே. ஒரு பக்கச் சமநிலை நரம்பு போனதை மூளை நடந்துதான் பழகும். பிசியோ காட்டும் பயிற்சியை ரெய்க்கிக்காகத் தள்ளிப்போடக்கூடாது. அதுவரை அவளுக்குக் கண்ணும் பாதமும்தான் பிடிமானம்; இருட்டிலும் பனியிலும் தடுமாறுவாள். தோட்டத்து லயன் வீட்டுக் கற்படியில் டோர்ச் இல்லாமல், கை பிடிக்க ஆளில்லாமல் இறக்காதே.

தேதி கிடைத்ததும் எழுது. கண்டியில் நீங்கள் தங்க இடம் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
ராஜு