இரண்டே துண்டுகள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நீ கேட்ட கேள்விக்கு, கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுப் பதில் சொன்னால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியது. நேற்று ராத்திரி கீழ் ஓரத்தையும் மடித்துத் தைத்துவிட்டேன். அந்த உடையைக் கண்ணெதிரே மாட்டி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உன் தோள்வலி. மருந்து மாத்திரை ஒருபக்கம் இருக்கட்டும், நீ தைக்கிற மேசையின் உயரத்தைப் பார். துணியை ஊசிக்குக் கீழே தள்ளும்போது முழங்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றால் தோள் நிச்சயம் வலிக்கும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற வரியை நான் மூன்று முறை படித்தேன். இனி உன் ஊசி டப்பாவை உயரமான இடத்தில் வை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 'துணி வெட்டுவதற்குப் புதுப்புது பேட்டர்ன்கள் கணினியிலேயே கிடைக்கும்போது அறுபது வருஷப் பழைய தாளை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய்?' என்று கேட்டிருந்தாய். அழவில்லை, தோழி. ரொம்ப நாளைக்குப் பிறகு தைப்பதில் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு அட்டைப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். வெளிநாட்டில் இருந்த காலத்தில் அவர் சேர்த்தவை. கண் பார்வை குறைந்துவிட்டதால் இனி தைக்க முடியாது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை என்றார். உள்ளே நாற்பது பேட்டர்ன் உறைகள் இருக்கும். பட்டரிக், மெக்கால், சிம்ப்ளிசிட்டி, வோக் என்று எல்லாக் கம்பெனியும் கலந்து கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவற்றைப் பிரித்து வயது வாரியாக அடுக்கினேன்.

இருப்பதிலேயே பழசைத் திறந்தபோது திகைத்துப் போனேன். தாளில் ஒரு எழுத்து இல்லை, ஒரு கோடு இல்லை. வெறும் டிஷ்யூ தாளில் ஓட்டைகள் மட்டும். பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை, வரிசையாக ஓட்டை, முக்கோணமாக மூன்று ஓட்டை. துணியின் பாவு நூல் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே மடிப்பில் வைத்து வெட்ட வேண்டும், உடம்பின் வளைவுக்காகக் கூராக மடித்துத் தைக்கும் டார்ட் எங்கே வரும் என்பதையெல்லாம் அந்த ஓட்டைகளே சொல்லும். கம்பெனிக்குக் கம்பெனி அதன் அர்த்தமும் மாறும். கூட வரும் விளக்கத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். தாளிலேயே கோடும் எழுத்தும் அச்சிடும் முறையை மெக்கால் 1920 வாக்கில் கொண்டுவந்தது. ஆனாலும் 1950கள் வரையிலும் ஓட்டை போட்ட தாள் வந்துகொண்டுதான் இருந்தது.

இந்தத் தாள்களின் கதை தெரியுமா உனக்கு? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் என்ற சிற்றூரில் எபனேசர் பட்டரிக் என்று ஒரு தையற்காரர். அவர் மனைவி எல்லன் மகனுக்காக மேசைமேல் கட்டம் போட்ட துணியை விரித்து வெட்டும்போது, அளவு அளவாக மாதிரி கிடைத்தால் எவ்வளவு வசதி என்று சொன்னாராம். அதுவரை விற்ற மாதிரிகளெல்லாம் ஒரே அளவில்தான் வந்தன, பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும் வாங்குகிறவர் பாடு. 1863இல் பட்டரிக் அளவுவாரியாக வெட்டி விற்க ஆரம்பித்தார். கெட்டி அட்டையை மடித்துத் தபாலில் அனுப்ப முடியாது என்பதால் மெல்லிய தாளுக்கு மாறினார். இன்றைக்கும் நாம் கிழிந்துவிடுமோ என்று பயந்து பயந்து பிரிக்கிறோமே, அந்தத் தாளின் பிறப்பு அப்படி. ஒரு தாய் மேசையருகே நின்று சொன்ன சின்ன வார்த்தையிலிருந்து இவ்வளவு பெரிய விஷயம் கிளைத்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இனி நான் தைத்த உடையைப் பற்றி.

1960களின் தொடக்கத்து ஷிஃப்ட். கையில்லாத, இடுப்பில் வெட்டு இல்லாத நேர் கவுன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கழுத்துக்கும் கைவளைவுக்கும் உள்பட்டி. முக்கியமான துண்டுகள் இரண்டே இரண்டுதான். உறையின் முன்பக்கப் படத்தில் கிள்ளினால் ஒடிந்துவிடும் இடுப்போடு ஒரு பெண் நிற்கிறாள். அந்தப் படத்தை நம்பாதே. பின்பக்கம் கட்டை விரல் அளவுக்கு ஒரு கோட்டுப்படம் இருக்கும், அதுதான் உண்மை பேசும். எங்கே தையல், எங்கே டார்ட், ஜிப் எங்கே என்று எல்லாம் அதில் தெரியும்.

அந்தச் சின்னப் படத்தைப் பார்த்தபோது முதலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். மார்புக்கு ஒரு டார்ட், இடுப்புக்கு ஒரு டார்ட் என்று நாம் இருவரும் தையல் வகுப்பில் செய்தித்தாளில் வெட்டிப் பழகினோமே, அவை இரண்டும் இல்லை. பக்கத் தையலில் இடுப்புக்கிட்ட ஆரம்பித்து மார்பை நோக்கிச் சாய்வாக மேலே போகும் நீளக் கோடு ஒன்றுதான் இருந்தது. பிரெஞ்சு டார்ட் என்பார்கள். மார்புக்கு வேண்டிய இடத்தை அது கொடுக்கிறது, இடுப்புப் பக்கத் தொளதொளப்பையும் அதுவே எடுத்துவிடுகிறது. இரண்டு வேலையை ஒரு கோடு பார்க்கிறது. எளிமை என்றால் இதைத்தான் சொல்வேன். வேலையைக் குறைத்து அலங்காரத்தை நீக்கிவிட்டால் வெறுமையாகத்தான் இருக்கும். இங்கே அப்படி இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்து, இரண்டு கோடுகளை ஒன்றாக்கியிருக்கிறார். அவர் பெயர் உறையில் இல்லை.

அந்த டார்ட்டை மூன்று முறை பிரித்துத் தைத்தேன். நீளமாகவும் சாய்வாகவும் இருப்பதால் துணி கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, இழுபடுகிறது. மெஷினில் அப்படியே ஓட்டினால் ஒரு ஓரம் நீண்டுவிடும். முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்திக்கொண்டேன். அகலமான முனையில் ஆரம்பித்து மார்பை நோக்கித் தைத்தேன். கடைசி அரை அங்குலத்தில் ஊசி மடிப்போரத்தை உரசியபடியே போக வேண்டும், கடைசி மூன்று நான்கு தையல் மடிப்பின் மேலேயே விழ வேண்டும். முடிவில் பின்னால் திரும்பித் தைக்கக் கூடாது. நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போட வேண்டும். முனை மார்பின் உச்சியைத் தொடாமல் ஒரு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். இதில் எதைத் தவறவிட்டாலும் நெஞ்சில் ஒரு குட்டிக் கூம்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதை மறைக்க அந்த உடையில் வேறு எதுவும் இல்லை. பிரில் இல்லை, பாக்கெட் இல்லை, பூவேலை இல்லை. மூன்றாவது தடவை இஸ்திரி போட்டுத் திருப்பிப் பார்த்தேன். டார்ட் எங்கே முடிகிறது என்று என் கண்ணுக்கே தெரியவில்லை. அந்த நிமிஷத்துக்காகத்தான் பழைய தாளோடு கிடக்கிறேன் என்று உன்னிடம் சொல்லத் தோன்றியது.

அளவு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. உறையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதே, அங்குலத்தைப் பார். இந்தப் பெட்டியிலிருந்து நான் முதலில் எடுத்தது வேறொரு உடை. வழக்கமான 16 என்று நினைத்து வெட்டிவிட்டேன், மார்பில் இரண்டு அங்குலம் போதவில்லை. நல்ல துணி வீணாயிற்று. பிறகுதான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். எனக்கு மார்பளவு 38 அங்குலம். 1940களின் உறையில் அது 20. 1956க்குப் பிறகு அதே 38 அங்குலம் 18 ஆனது. 1968 வாக்கில் பெரிய கம்பெனிகள் மறுபடி மாற்றியபோது 16. உடம்பு அதேதான், எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த ஷிஃப்டும் 36 அங்குலத்துக்கு உரியதுதான். ஆனால் இரண்டே துண்டாக இருப்பதால் கூட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா! தாளைப் படியெடுத்து, தோள் நடுவிலிருந்து கீழ் ஓரம் வரை நேராக வெட்டி, அரை அங்குலம் விலக்கி ஒட்டினேன். தாள் பாதி உடம்புக்குத்தான் என்பதால், முன் பின் இரண்டிலும் அப்படிச் செய்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம் கூடிவிடுகிறது. பதினைந்து துண்டு உள்ள உடையில் இதைச் செய்வதென்றால் ஒவ்வொரு துண்டையும் மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தே பொழுது போய்விடும்.

பின்கழுத்து உள்பட்டித் துண்டு உறையில் இல்லை. அதற்கும் கவலைப்படவில்லை. பின்பக்கத் தாளின் கழுத்து வளைவை அப்படியே வரைந்து, இரண்டரை அங்குலம் தள்ளி இன்னொரு வளைவு போட்டேன், துண்டு தயார்.

ஒன்று சொல்ல மறந்தேனே. முன்பக்கத் தாளின் கீழ் ஓரத்தில் பென்சிலால் '1½ கூட்டு' என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே ஒரு குண்டூசி, துருப்பிடித்து, தாளில் பழுப்பாக ஒரு வட்டம் விட்டிருந்தது. அந்த அம்மாள் உயரமானவர். அவருக்கு முழங்காலுக்குக் கீழே வர வேண்டும் என்று கூட்டியிருப்பார். நான் குள்ளம் என்றாலும் அந்த ஒன்றரை அங்குலத்தைக் கூட்டித்தான் வெட்டினேன். எனக்கும் அந்த நீளம்தான் நன்றாக இருக்கிறது.

பழசு எல்லாமே எளிமை என்று நினைத்துவிடாதே. 1952இல் பட்டரிக் வெளியிட்ட ஒரு பேட்டர்ன் ரொம்பப் பிரபலம். காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அதை உடுத்திக்கொண்டே கிளம்பலாம் என்ற பேச்சோடு வந்தது. பின்னாலிருந்து முன்னால் சுற்றிக் கட்டும் உடை. துண்டுகள் குறைவுதான். ஆனால் ஓரம் முழுக்க கிராஸ் பட்டி பிடிக்க வேண்டும், அதுவே கஜக்கணக்கில் போகும். அரை நாளில் முடிப்பவர்கள் கைதேர்ந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் முதலில் தைக்க உனக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

போர்க்காலத்து உறைகள் வேறு ஒரு ரகம். பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது. முதல் வருஷம் ஆளுக்கு 66 கூப்பன், அதில் ஒரு கம்பளிக் கவுனுக்கே 11 போய்விடும். அமெரிக்காவில் 1942இல் கீழ் ஓர மடிப்பு இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். அந்த வருஷங்களில் வந்த பேட்டர்ன்களில் பாவாடை ஒடுங்கியிருக்கும், மடிப்புகள் காணாமல் போயிருக்கும். ஆண்களின் பழைய கோட்டைப் பிரித்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டாக மாற்றும் பேட்டர்ன்கூட உண்டு. இவற்றைக் கையில் எடுக்கும்போது அழகைப் பற்றி மட்டும் பேச என்னால் முடியவில்லை. அந்தச் சிக்கனம் அவர்கள் விரும்பி எடுத்ததல்ல. இருந்தும் தோளையும் கழுத்தையும் எவ்வளவு கவனமாக வெட்டியிருக்கிறார்கள்! துணி இல்லை என்பதற்காகப் பொருந்தாமல் நடமாட அவர்கள் சம்மதிக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1942இல் அமெரிக்க உடை வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் வடிவமைத்த சுற்றுக் கவுன். போர்க்காலத்தில் வேலையாள் கிடைக்காமல் வீட்டு வேலையைத் தாங்களே செய்ய வேண்டியிருந்த பெண்களுக்காக உருவாக்கியது. கையை நீட்ட வசதி, குனிய வசதி, பெரிய பாக்கெட். சமையலறையில் போட்ட உடையோடு வாசலுக்கு வந்து விருந்தாளியையும் வரவேற்கலாம். நானும் நீயும் தைக்கிற உடைகளில் பாக்கெட் வைக்க எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம், நீ எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டாய். 1960களின் சிம்ப்ளிசிட்டியில் ஒரு நேர்ப்பாவாடை இருக்கிறது. முன், பின், இடுப்புப் பட்டி, அவ்வளவுதான். உனக்காக அதைப் படியெடுத்து இதனோடு வைத்திருக்கிறேன். மூலத் தாளை அனுப்பவில்லை, அது என் கையிலேயே பொடிப்பொடியாக உதிர்கிறது. நீராவி இல்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டுத்தான் சுருக்கத்தை எடுத்தேன். நான் அனுப்புவது கெட்டித் தாள், பயமில்லாமல் குண்டூசி குத்தலாம். தையலுக்கு எட்டில் ஐந்து பங்கு அங்குலம் விட்டுத்தான் வரைந்திருக்கிறேன், நீ மறுபடி விடாதே. வழுக்கும் துணி எடுக்காதே, நல்ல பருத்தியில் முதலில் ஒன்று தை. பாவு நூல் அம்புக்குறியைத் துணியின் கரையிலிருந்து இரண்டு முனையிலும் அளந்து பார்த்துவிட்டு வெட்டு. அது கால் அங்குலம் சாய்ந்தாலும் பாவாடை ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

பக்கத் தையலில் பாக்கெட்டுக்கு ஒரு துண்டு நானாக வரைந்து சேர்த்திருக்கிறேன், அதில் பென்சிலால் உன் பெயர் எழுதியிருக்கிறது. இடுப்பளவையும், இடுப்பிலிருந்து முழங்கால் வரை நீளத்தையும் அடுத்த கடிதத்தில் எழுது. ஷிஃப்டையும் உன் அளவுக்கு வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தையல் வகுப்புத் தோழி