குறட்டை விடுபவரின் ரத்தக் குழாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்காதவருக்கு நான்காவதை எழுதுமுன், பக்கத்தில் படுப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: குறட்டை நடுவில் நின்றுபோய், திணறலோடு மறுபடி தொடங்குகிறதா?

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபட்டால் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. இதுதான் ஸ்லீப் ஆப்னியா என்னும் தூக்க மூச்சுத்தடை நோய். ஆக்சிஜன் சரிய, உடல் அட்ரினலினைப் பாய்ச்சுகிறது. குழாய்கள் இறுகி அழுத்தம் எகிறுகிறது. கடுமையான நோயில் மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 தடவைக்குக் குறையாது. குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயைத் தளர்த்தி வைக்கிறது. ஆக்சிஜன் குறைந்தும் கூடியும் ஆடும்போது உருவாகும் வீரிய மூலக்கூறுகள் அதை அழிக்கின்றன. விளைவு, விறைத்த குழாய். அதில் கொழுப்பும் எளிதாகப் படியும்.

இரவில் 10 முதல் 20 சதவீதம் குறைய வேண்டிய அழுத்தம் இவர்கள் பலருக்குக் குறைவதில்லை. பகலில் எடுக்கும் அளவு இதைக் காட்டாது. 24 மணி நேரக் கருவி காட்டும். விழித்திருக்கும்போது ஆக்சிமீட்டர் 98 காட்டியதை வைத்து நோய் இல்லை என்று சொல்வதும் பெரும் தவறு.

முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை வாங்கியவர்களிலும் பலர் பாதி இரவில் முகமூடியைக் கழற்றிவிடுகிறார்கள். சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்குமா என்று பார்த்து 2016-இல் வெளியான சேவ் (SAVE) ஆய்வில் சராசரிப் பயன்பாடு 3.3 மணி நேரம்தான். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. காற்று கசிந்தால் முகமூடியின் அளவை மாற்றுங்கள், மூக்கு வறண்டால் ஈரமூட்டியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். படுக்குமுன் மதுவும், மருத்துவரைக் கேட்காத தூக்க மாத்திரையும் வேண்டாம்.

குறட்டையை 'நிம்மதியான தூக்கம்' என்று எழுதுவதைத் தங்கள் நாளிதழாவது நிறுத்த வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தூக்க மருத்துவத் துறையினர் சிலர்