பூஞ்சைச் சிவப்பில் பார்க்க வேண்டியது

ஆசிரியருக்கு வணக்கம்.

உணவு நிறங்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரை கோபி மஞ்சூரியனில் தொடங்கியது எங்கள் ஊருக்குப் பொருத்தம்தான். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதிலும் பஞ்சுமிட்டாயிலும் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலக்கத் தடை போட்டது. பூஞ்சையிலிருந்து எடுக்கும் சிவப்பு அதற்கு மாற்றாகலாம் என்பதும் சரி. ஆனால் ஜீனில் கை வைக்காத பூஞ்சைதான் பாதுகாப்பு என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறாரே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. நொதித்தல் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

மொனாஸ்கஸ் பர்பூரியஸ் பூஞ்சையைச் சீனாவில் நெடுங்காலமாக அரிசியில் வளர்த்துச் சிவப்பாக்கிச் சமைக்கிறார்கள். கடைகளில் ரெட் ஈஸ்ட் ரைஸ் என்று விற்பது அதுதான். இதே பூஞ்சை சிட்ரினின் என்ற நச்சையும் சுரக்கக்கூடியது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது யாரும் கை வைக்காத பூஞ்சையின் குணம். சிட்ரினினை உண்டாக்கும் ஜீன் எது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். அதை முடக்கினால் நச்சு ஏறக்குறைய நின்றுவிடும், நிறம் வந்துகொண்டிருக்கும். இப்படி முடக்கும்போது, ஜீன் மாறிய பூஞ்சை எது என்று பிரித்தறியும் அடையாளத்துக்காக ஆன்டிபயாடிக் எதிர்ப்பு ஜீன் ஒன்றைச் செருகுவது ஆய்வகத்தில் வழக்கம். அது உணவுக்கு வரும் பூஞ்சையில் இருக்கக் கூடாது என்று கட்டுரையாளர் கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கேட்பேன்.

அதே 2024 மார்ச்சில் ஜப்பானில் ரெட் ஈஸ்ட் ரைஸ் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. அங்கே சிக்கியது சிட்ரினின் இல்லை. ஆலைக்குள் நுழைந்த பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்று சுரந்த பியூபெருலிக் அமிலம். ஜீனை மாற்றியிருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. மாற்றாமல் விட்டதும் காப்பாற்றவில்லை. ஆலையில் தயாராகும் ஒவ்வொரு தொகுதியையும் (பேட்ச்) சோதித்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். செலவு பிடிக்கும் வேலை, அதனால்தான் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

சைவர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. உணவுக்குச் சிவப்பு நிறம் தரும் கோச்சினீல் பூச்சியின் கார்மினிக் அமிலத்தை ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பூஞ்சையில் உருவாக்கிய ஆய்வு 2018இல் வந்தது. கற்றாழை இனம், பாக்டீரியா, அந்தப் பூச்சி என மூன்றின் ஜீன்களையும் பூஞ்சையில் சேர்த்திருந்தார்கள். பூச்சியை நசுக்க வேண்டியதில்லை, ஆனால் அதன் ஜீன் உள்ளே இருக்கிறது. இதற்குப் பச்சைப் புள்ளி போடலாமா? உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரிடம் கேட்டு வெளியிடுங்கள். அப்படியே, பூஞ்சை நிறங்களில் சிட்ரினினை இங்கே யார் சோதிக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், அல்சூர், பெங்களூரு